ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே காவல் இல்லை

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பு, அவற்றின் வடமொழிப் பெயர்களையும், போலீஸ் காவலுக்கான விதிகள் தளர்த்தப்பட்டதையும், தேசத்துரோகப் பிரிவு வேறு சொற்களில் திரும்பி வந்ததையும் சுற்றியே நின்றுவிட்டது. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால், ஒரு சிற்றூரில் அன்றாடம் நிகழும் களவுகளைக் காவல் நிலையத்தின் பொறுப்பிலிருந்தே விலக்கிவிட்ட ஒரு வரி, அவற்றில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் எவர் கண்ணையும் உறுத்தாமல் கிடக்கிறது. நாடாளுமன்றத்தில் அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசியதாகத் தெரியவில்லை; சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய வழக்கறிஞர் சங்கங்களும் அதை முழக்கமாக்கியதாகத் தெரியவில்லை.

குற்றங்களையும் தண்டனைகளையும் வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2)ஆம் பிரிவின்படி, களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்தால், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்ததும் அவருக்குச் சமூக சேவை தண்டனையாக விதிக்கப்படும். இதில் குறை காண எதுவுமில்லை. சிறு திருட்டுக்குச் சிறையைத் தவிர்ப்பது நாகரிகமான ஏற்பாடே. கோளாறு அட்டவணையில் இருக்கிறது. அங்கே இந்தத் திருட்டு ‘பிடியாணை வேண்டும் குற்றம்’ என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. காவல்துறை தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிந்து, புலன்விசாரணை நடத்தி, நீதிமன்ற ஆணையின்றிக் கைதுசெய்யக்கூடியவை பிடியாணை வேண்டாக் குற்றங்கள். பிடியாணை வேண்டும் குற்றங்களில் அந்த அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, புகார் கொடுத்தவரை நீதித்துறை நடுவரிடம் போகச் சொல்ல வேண்டும் என்றும், நடுவரின் உத்தரவு இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்றும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு கூறுகிறது. பழைய ஏற்பாடு இப்படி இருக்கவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டை வரையறுத்தபோது பொருளின் விலையைக் கேட்கவில்லை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிறு மதிப்புத் திருட்டுகளைச் சுருக்க விசாரணையில் முடித்துவிடலாம் என்று நீதிமன்றத்துக்குச் சலுகை தந்தது. அந்த வரம்பு பின்னர் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விலை எதுவாயினும், விசாரிக்கும் கடமை மட்டும் காவல் நிலையத்திடமே இருந்தது. வழக்கை நடத்தும் முறைக்கு இருந்த விலை வரம்பு இப்போது வழக்கு தொடங்குவதற்கே வந்து நிற்கிறது.

வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது. குடியிருப்பிலும் பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடத்திலும் நடக்கும் களவு நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் தனியாக வருகிறது. அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு, விலை பார்க்கப்படுவதில்லை. ஆகவே, சொத்து முழுவதையும் பூட்டிய கதவுக்குப் பின்னால் வைத்திருக்கும் நகரத்து வீட்டுக்காரருக்கு இந்த மாற்றத்தால் இழப்பு குறைவு. சிற்றூர்க்காரரின் சொத்தோ கூரைக்கு வெளியே கிடப்பது: களத்துமேட்டில் தானியம், தோப்பில் தேங்காய், மேய்ச்சலில் ஆட்டுக்குட்டி, வேலியோரம் கோழி, கிணற்றடியில் மின்மோட்டார் ஒயர். 2011இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையில்லாமல் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது, ஆடு என்பது அந்தக் குடும்பங்களின் வாழ்வாதாரம் என்ற கணக்கில்தான். அந்த ஆடு ஈன்ற குட்டியொன்று மேய்ச்சலில் களவுபோனால், அதைத் தேடும் அதிகாரம் காவலருக்கு உண்டா என்பது குட்டியின் விலையைப் பொறுத்தது என்று இன்றைய சட்டம் சொல்கிறது.

ஐயாயிரம் ரூபாய் அற்பத் தொகை என்று கருதுவோர் அது யாருக்கு அற்பம் என்பதையும் சொல்ல வேண்டும். 2024-25 நிதியாண்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் 5,000 ரூபாய் என்பது ஏறத்தாழ 16 நாள் உழைப்பு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறும் பெண்ணுக்கு அது ஐந்து மாத வரவு. மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது நான்கு மாதத்துக்கும் மேலான சாப்பாடு. 16 நாள் கூலி களவுபோவதைப் புலன்விசாரணைக்குத் தகுதியற்ற இழப்பு என்று ஒரு அரசு எழுதிவைக்குமானால், அது யாருடைய 16 நாளை மனத்தில் வைத்து எழுதியது என்ற கேள்வி எழாமல் இராது. பொருளின் விலைக்கும் இழப்பின் அளவுக்கும் உள்ள தொலைவையும் சட்டம் காணவில்லை. கிணற்று மோட்டாரிலிருந்து அறுத்தெடுக்கப்படும் செம்புக் கம்பி காயலான் கடையில் சில நூறு ரூபாய்க்குப் போகலாம். ஆனால் கதிர் பால்பிடிக்கும் வாரத்தில் நீர் பாயாமல் போனால் கருகுவது ஒரு போகம். அட்டவணை கம்பியின் விலையை மட்டுமே எண்ணும்.

இதைவிட மோசமானது அந்த வரிக்குள் இருக்கும் முரண். குற்றவாளி முதல் முறை தண்டிக்கப்படுபவரா, ஏற்கெனவே தண்டனை பெற்றவரா என்பது அவர் யார் என்று தெரிந்த பிறகே தெரியவரும். அவர் யார் என்பது விசாரித்தால்தான் தெரியும். பொருளைத் திருப்பிக் கொடுத்தபின் தண்டனை சமூக சேவை என்கிறது சட்டம். எடுத்தவரைக் கண்டுபிடிக்காமல் திருப்பிக் கொடுப்பவர் யார்? வழக்கின் முடிவில் மட்டுமே தெரியக்கூடிய செய்திகளை வழக்கின் தொடக்கத்துக்கு நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் இதன் பொருள் ஒன்றுதான்: முடிவெடுப்பது காவல் நிலையத்தில் பேனாவுடன் அமர்ந்திருக்கும் எழுத்தரின் மதிப்பீடு. ஆறாயிரம் பெறும் பொருளை நாலாயிரம் என்று எழுதினால் ஒரு வழக்கு குறையும், ஒரு கோப்பு குறையும், மாத ஆய்வுக் கூட்டத்தில் ஒரு கேள்வி குறையும். முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டு ரசீதைக் கொடுத்து அனுப்பிவைக்கும் பழக்கம் ஊறிப்போன ஒரு துறைக்குச் சட்டமே காரணம் கொடுத்திருக்கிறது. பிடியாணை வேண்டாக் குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்தத் தீர்ப்பைத் திருத்தாமலே, குற்றத்தின் வகையை மாற்றி, அதைச் சிற்றூர்த் திருட்டுகளுக்குப் பயனற்றதாக்கியிருக்கிறார்கள். புதிய சட்டத்தின் பெருமைகளாக விளம்பரப்படுத்தப்படும் எவையும் இந்தப் புகார்தாரருக்கு இல்லை. எல்லை பாராமல் எந்த நிலையத்திலும் புகார் பதியும் உரிமை, மின்னணு வழியில் தகவல் தரும் வசதி, விசாரணையின் நிலையை 90 நாள்களுக்குள் தெரிவிக்கும் கடமை ஆகிய அனைத்தும் காவல்துறை விசாரிக்கும் குற்றங்களுக்கே உரியவை. அவர் 100க்கோ 112க்கோ அழைக்கலாம், ரோந்து வாகனமும் வரலாம். வந்தவர் சொல்லக்கூடியது, வட்டத் தலைநகரில் உள்ள நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பதே. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, மனு எழுதக் கூலி கொடுத்து, ஒரு கோழிக்காக நடுவர் முன் நிற்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த ஏற்பாட்டை ஆதரிப்போரின் வாதங்கள் நிற்கவில்லை. சிறு திருட்டில் சிக்குவோர் பெரும்பாலும் ஏழைகள், அவர்களைக் கைதிலிருந்து காக்க வேண்டும் என்கிறார்கள். கைது வேறு, விசாரணை வேறு என்பதைச் சட்டம் படித்தவர்களுக்கு நினைவூட்ட நேர்வது வருத்தத்துக்குரியது; 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களில் கைது தானியங்கிச் செயலாக இருக்கக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இலேயே தீர்ப்பாகிவிட்டது. பிணை தரலாம், அழைப்பாணை அனுப்பலாம். விசாரிக்கவே கூடாது என்பதற்கு ஏழையின் பெயர் எதற்கு? களவு கொடுத்தவரும் ஏழைதானே? வேலி தாண்டி வந்து திருடினால் அத்துமீறலும் சேர்ந்துவிடும், அது பிடியாணை வேண்டாக் குற்றம், எனவே வழக்குப் பதியலாம் என்பது இன்னொரு வாதம். பொதுமேய்ச்சலிலும் வாரச்சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் தாண்டுவதற்கு வேலி ஏது? கும்பலாகத் திருடுவோருக்கு நியாய சன்ஹிதாவின் 112ஆம் பிரிவு இருக்கிறது என்பதும் இப்படிப்பட்டதே. இருபது வீட்டில் இருபது கோழி போனால் அது ஒரே கும்பலின் வேலை என்று தெரிவதற்கு அந்த இருபது புகார்களையும் யாரோ ஒருவர் விசாரித்திருக்க வேண்டும். காவலர் பற்றாக்குறை என்ற சமாதானத்துக்கு விடை, காவலரை நியமிப்பது.

திருட்டுக்கு விலை வரம்பு வைத்த நாடுகள் என்ன கற்றன என்பதை இந்தியச் சட்டம் இயற்றியோர் பார்த்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, கடைகளில் நடக்கும் 200 பவுண்டு வரையிலான திருட்டைக் பொதுவாகக் கீழ்நிலை நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் எளிய குற்றமாக்கியது. விசாரிக்கும் அதிகாரத்தைக் காவல்துறையிடமிருந்து அது பறிக்கவில்லை. ஆயினும், 200 பவுண்டுக்குக் கீழே திருடினால் போலீஸ் வராது என்ற எண்ணம் கடைக்காரரிடமும் திருடரிடமும் ஒருசேரப் படிந்தது. 2025 மார்ச்சுடன் முடிந்த ஓராண்டில் அங்கு பதிவான கடைத் திருட்டுகள் 5.3 லட்சத்தைத் தாண்டின. அந்தப் பிரிவை நீக்குவதற்கான மசோதாவை 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசே கொண்டுவந்தது. அதே 2014 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து, 950 டாலருக்கு மிகாத திருட்டைச் சிறு குற்றமாக்கினார்கள். சரியாகப் பத்தாண்டு கழித்து, 2024 நவம்பரில், அவர்களே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான வாக்குகளால், திரும்பத் திரும்பத் திருடுவோருக்கு விலை வரம்பு பொருந்தாது என்று மாற்றினார்கள். இரண்டு இடங்களிலும் வரம்பு தண்டனையைத்தான் தொட்டது, இரண்டும் பத்தாண்டில் பின்வாங்கின. இந்தியாவோ அவை பின்வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவை துணியாத தொலைவுக்குச் சென்று, காவலர் விசாரிக்கக் கூடாது என்பதையே சட்டமாக்கியிருக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவற்றுள் பெரிய அங்காடிகள் பல. அவற்றுக்குக் காப்பீடும் கண்காணிப்புக் கேமராவும் உண்டு. கிணற்றடிக்கு என்ன உண்டு?

இதன் விளைவு புள்ளிவிவரத்தில் வெற்றியாகத் தெரியப்போகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் திருட்டுக் கணக்கு, பதிவான வழக்குகளின் கணக்கு. பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டு நடுவரிடம் அனுப்பப்பட்ட புகார் அதில் திருட்டு வழக்காக எண்ணப்படாது. இனி வரும் ஆண்டுகளில் ஊரகத் திருட்டு குறைந்துவிட்டது என்று எந்த அரசு சொன்னாலும் அதை நம்புவதற்கு இடமில்லை.

அரசு விலகிய இடத்தில் வேறு காவல் முளைக்கும் என்பதைத் தென் மாவட்டங்களின் வரலாறு அறியும். சென்னை மாகாணக் காலத்தில் மாடு களவுபோனால், உடையவர் இடையாளிடம் ‘துப்புக்கூலி’ கொடுத்து, அதாவது இருக்குமிடத்தைச் சொல்வதற்கான தொகையைச் செலுத்தி, மாட்டை மீட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. புகார் கொடுத்து மீட்பதைவிடப் பேரம் பேசி மீட்பது எளிதாக இருந்ததால்தான் அது நீடித்தது. அந்தப் பேரத்தை ஒழித்து, களவு என்பது இருவருக்கிடையிலான கணக்கல்ல, அரசு விசாரிக்க வேண்டிய குற்றம் என்று நிலைநாட்ட நெடுங்காலம் பிடித்தது. இன்றைய 303(2) அதே பேரத்துக்கு ஊரைத் திருப்பி அனுப்புகிறது. சந்தேகப்பட்டவரைக் கட்டிவைத்து அடிக்கும் கொடுமை இனி பெருகுமானால், அடிபடுவோர் ஊரின் விளிம்பில் வாழும் நாடோடிச் சமூகத்தினராகவே இருப்பர். அதற்கும் இந்த அட்டவணையே பொறுப்பேற்க வேண்டும்.

குற்றவியல் சட்டமும் நடைமுறையும் அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் இருப்பவை. மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் 2024 ஜூலையில் தமிழக அரசு குழு அமைத்தது. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்த மசோதாவைச் சட்டப்பேரவை 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. திறந்த அதே வழியில், முதல் அட்டவணையின் இந்த ஒரு பதிவைத் திருத்தி, சமூக சேவையையும் பிணையையும் அப்படியே விட்டுவிட்டு, விசாரிக்கும் கடமையை மட்டும் காவல் நிலையத்துக்குத் திருப்பித் தர வேண்டும். அதுவரை, 5,000 ரூபாய்க்குக் குறைந்த ஒவ்வொரு திருட்டுப் புகாரிலும் விசாரணைக்கு அனுமதி கேட்டு 174(2)ஆம் பிரிவின் கீழ் நடுவரிடம் அன்றைக்கே விண்ணப்பிப்பது நிலைய அதிகாரியின் பொறுப்பு என்றும், புகார்தாரரை நீதிமன்றத்துக்கு அலையவிடக் கூடாது என்றும் காவல்துறைத் தலைமை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.