கால்தான் கண்டுபிடிக்கும்

கும்பக்கரை அருவிப் பக்கத்திலிருந்து வெள்ளகவி கிராமம் வழியாகக் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் வரைக்கும் ஒரு ஒற்றையடிப்பாதை ஏறுகிறது. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு அதில் ஓடுகிறேன். ஓட்டம் என்று பெயர்தான். பாதிக்கு மேல் கையைத் தொடையில் ஊன்றி ஏறும் நடை. அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர 1,500 மீட்டருக்கு மேல் உயரம் ஏற வேண்டும். 50 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அது அல்ட்ரா மாரத்தான்தான். அதற்குத் தேனி பைபாஸில் எத்தனை தூரம் ஓடினாலும் போதாது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில்தான் வினை. தொடைத் தசை நீண்டுகொண்டே முழு உடம்பையும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் மறுநாள் வீட்டுப் படிகூட இறங்க முடியாது. அதற்குக் காலைப் பழக்க இந்தப் பாதையைவிட நல்ல வாத்தியார் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அந்தப் பாதையை இன்றைக்கு நாம் வைத்திருக்கும் கோலத்தைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது.

1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியபோது மோட்டார் சாலை ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைச்சரிவில் நடந்துதான் ஆளும் மூட்டையும் மேலே போயின. துரைமார்களை நாற்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் ஏறியவர்கள் நம் ஆட்கள். வத்தலக்குண்டு வழியாகச் சாலை வந்த பிறகு உலகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வெள்ளகவிக்காரர்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவிலேயே நடந்தார்கள். விளைந்த காபியைக் குதிரையில் பொதி ஏற்றினார்கள். உடம்புக்கு முடியாதவரை டோலி கட்டித் தூக்கினார்கள். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வழிநெடுகக் கோயில்கள், மண்ணே சாமி என்று நினைக்கிற ஊர். வெளியூர்க்காரரும் எல்லையிலேயே காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

போன மாதம் ஊருக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போது பாறை மேல் ஒரு ஆத்தா உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து எழுபது வயது இருக்கலாம். பக்கத்தில் விறகுக்கட்டு. இடது காலைத் தூக்கி வலது தொடையில் போட்டுக் குதிகாலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டாண்டுக் காலமாகக் கல்லில் நடந்து தோலே செருப்பாகிப்போன கால் அது. வெடிப்பும் தடிப்புமாக, முள் குத்தினாலும் முனை மழுங்கிப்போகும். அந்தத் தோலையும் கிழித்துக்கொண்டு ஒரு பழுப்புநிறச் சில்லு உள்ளே இறங்கியிருந்தது. பீர் பாட்டில் கண்ணாடி.

போட்டி எண் அட்டை குத்தும் ஊக்கு ஒன்று என் முதுகுப்பையில் இருந்தது. கழுவித் துடைத்துக் கொடுத்தேன். "நீயே எடுத்துருப்பா, எனக்குக் கண்ணு தெரியல" என்றார். அரிசி அளவுச் சில்லுதான். ஆனால் எடுத்ததும் இரத்தம் நிற்காமல் வந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டேன். பெரியகுளத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்தக் காலோடு எப்படி இறங்குவார் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"ஏன் ஆத்தா, பாத்து நடக்கக் கூடாதா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். அவர் கோபப்படவில்லை. "மழ பேஞ்சா சில்லு மண்ணுக்குள்ள போயிரும்ப்பா. அதுக்கப்புறம் கண்ணுக்கா தெரியும்? கால்தான் கண்டுபிடிக்கும்" என்றார்.

அன்று காலையில் அதே பாதையில்தானே நானும் ஏறி வந்தேன்? எத்தனை சில்லை மிதித்திருப்பேனோ! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மலை ஓட்ட ஷூவின் அடியில், கூர்கல் குத்தாமலிருக்க ஒரு கெட்டித் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. உடைத்துப் போட்டவன் காலிலும் ஏதோ ஒரு ஷூ இருந்திருக்கும். ஷூ போட்டவர்கள் வீசியதை ஷூ போடாதவர்கள் காலில் வாங்கிக்கொள்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம், நீதிமன்றம் சொல்லி 2022இல் நீலகிரியில் தொடங்கியது. பிறகு மற்ற இடங்களுக்கும் வந்தது. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கார் வரும் சாலையில் செக்போஸ்ட் வைக்கலாம். ஒற்றையடிப்பாதையில் வளைவுக்கு வளைவு யாரை நிறுத்துவது? பாறையில் அடித்து நொறுக்கிய பாட்டிலுக்கு எந்தக் கடையில் 10 ரூபாய் தருவார்கள்?

குடிகாரர்களைத் திட்டிவிட்டு நிம்மதியாக இறங்கியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. ஆத்தாவை ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது, புல்லுக்குள் வெள்ளியாய் ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தேன். எனர்ஜி ஜெல் பாக்கெட்டின் கிழித்த முனை. விரல்நகம் அளவுதான் இருக்கும். நாலடி தள்ளிப் பிசுபிசுவென்று மீதிப் பாக்கெட், மேலெல்லாம் எறும்பு. அந்த ஜெல்லைச் சுற்றுலா வந்தவர் தின்பதில்லை. பாட்டிலோடு மலையேறுபவரும் தின்பதில்லை. மணிக்கணக்கில் ஓடும்போது உடம்பில் சர்க்கரை தீர்ந்து கால் துவளாமலிருக்க, அரை மணிக்கு ஒன்று, முக்கால் மணிக்கு ஒன்று என்று நாங்கள்தான் தின்கிறோம். போட்டவர் என் கூட்டத்து ஆள். இயற்கையைத் தேடி ஓடுகிறோம் என்று படம் போடும் கூட்டம்.

அந்தப் பாக்கெட் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய படலம். மண்ணில் மக்காது, பழைய சாமான்காரரும் எடுக்கமாட்டார். இனிப்பு வாசனைக்குக் குரங்கு எடுத்து மெல்லும், காட்டுமாடு புல்லோடு சேர்த்துத் தின்னும். உள்ளே ஜெல் இருந்தவரை அத்தனை ஏற்றத்துக்கும் சுமந்து வந்தவருக்கு, காலியான பாக்கெட் அப்படி என்ன கனத்துவிட்டது?

வெளிநாட்டுப் போட்டி என்றால் இதே ஆட்கள் ஒழுங்காக இருப்பார்கள். ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் யூடிஎம்பி ஓட்டத்தில், குடிக்கும் குவளையை அவரவரே கொண்டுபோக வேண்டும் என்பது கட்டாயம். மொராக்கோ பாலைவனத்தில் நடக்கும் மாரத்தான் தே சாப்ல் போட்டியில் பல ஆண்டுகள் தண்ணீர் பாட்டிலில் ஓடுபவரின் எண்ணையே குறித்துக் கொடுத்தார்கள். வழியில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும், தண்டனை இருந்தது. தண்டனைக்குப் பயந்து அங்கே பாக்கெட்டைப் பையில் போடும் கை, இங்கே பயிற்சியில் யாரும் பார்க்கவில்லை என்றதும் புல்லுக்குள் வீசுகிறது. எண் அட்டை குத்தாத நாளில் நாம் யார் என்பதுதானே நாம்?

மறுபடி போனபோது ஒரு பழைய அரிசிச் சாக்கை மடித்து முதுகுப்பையில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது தடித்த கையுறை மாட்டிக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினேன். பாதி தூரத்திலேயே சாக்கு நிறைந்துவிட்டது. அதற்கு மேல் ஓட முடியவில்லை, நடந்தேதான் இறங்கினேன். பயிற்சி கெட்டதே என்ற வருத்தம் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஏறினால், நான் சுத்தமாகக் கூட்டி எடுத்த அதே பாறைக்குப் பின்னால் புதிதாக இரண்டு பாட்டில் உடைந்து கிடக்கிறது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளகவிக்குள் நடந்தேன். கூட்டித் தெளித்த மண், காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு குச்சி, ஒரு தாள்கூட இல்லை. அந்த மண்ணில் பயமில்லாமல் காலை வைத்தேன். ஆத்தா திண்ணையில் இருந்தார். "புண்ணு ஆறிருச்சா?" என்றேன். "ஆறிருச்சுப்பா" என்று காலைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு துணிக்கட்டு இருந்தது.