குடம்புளி மாத்திரையும் கேட்க மறக்கும் கேள்வியும்

கல்லீரல் நொதிகள் உயர்ந்து வருபவரிடம் மது, பாரசிட்டமால், காசநோய் மருந்து என்று வரிசையாகக் கேட்கிறோம். எடை குறைக்க ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்பது அபூர்வம். பொதுவாக, வேறு மருந்து உண்டா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார். இணையக் கடையில் வாங்கிய ‘கார்சினியா’ என்ற குடம்புளிச் சாற்று மாத்திரை அவர் கணக்கில் மருந்தே அல்ல. நம்மில் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. பலன் இருக்கிறதோ இல்லையோ, கெடுதல் இல்லையே என்று விட்டுவிடுகிறோம். இந்தச் சமாதானம்தான் தவறு. ஒரு பொருளால் பலன் அநேகமாக இல்லை என்று தெரிந்தபின், அதன் அரிய ஆபத்தைக்கூட ஏற்க நோயாளிக்குக் காரணம் கிடையாது.

குடம்புளித் தோலின் முதன்மை அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் (எச்.சி.ஏ.) என்பதை 1965இல் வெளியிட்டவர்கள் லூயிஸும் நீலகண்டனும்; அது மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த வேலை. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் லோவன்ஸ்டைன் குழுவினர், சிட்ரேட்டை உடைத்து அசிட்டைல் கோ-ஏ தரும் ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் நொதியை இந்த அமிலம் தடுப்பதைக் காட்டினர். மூலப்பொருள் வராவிட்டால் கொழுப்பு அமிலம் உருவாகாது. எலிகள் இரையையும் குறைத்தன, எடையும் இழந்தன. கணக்கு அழகானது. ஆனால் கலப்புணவு உண்ணும் மனிதரின் உடற்கொழுப்பில் பெரும்பகுதி உணவுக் கொழுப்பிலிருந்தே வந்து சேர்கிறது. மாவுச்சத்திலிருந்து புதிதாக உருவாவது சிறு பங்கு. சொட்டுச் சொட்டாய் வரும் குழாயை இறுக்கி மூடித் தொட்டியை வற்றச் செய்ய முடியாது. நம்மவர் தட்டில் சோறுதானே அதிகம், இங்கே அந்தப் பங்கு கூடுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் மிகையான மாவுச்சத்தின் முதல் விளைவு, உணவிலுள்ள கொழுப்பை எரிய விடாமல் தேங்க வைப்பது. அதை இந்த நொதித் தடை தொடுவதில்லை. எப்படியிருந்தாலும் இதை ஊகத்தால் தீர்க்க வேண்டியதில்லை, மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் இருக்கின்றன.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998இல் வந்த ஹேம்ஸ்ஃபீல்டு குழுவின் ஆய்வில் 135 பேர் 12 வாரம் கலந்துகொண்டனர். தினமும் 1,500 மில்லிகிராம் அமிலம் பெற்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தனர். வெற்று மாத்திரை பெற்றவர்கள் 4.1 கிலோ. வேறுபாடு புள்ளியியல் அளவில் பொருளற்றது, இருந்ததும் எதிர்த்திசையில். ஒனாக்போயா குழு 2011இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த சராசரி ஆதாயம் 0.88 கிலோ. அதன் நம்பக இடைவெளியின் ஒரு முனை சுழியில் நின்றது. கறாராக நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த ஆதாயமும் நிற்கவில்லை. வயிறு, குடல் தொந்தரவு மட்டும் மாத்திரை எடுத்தவர்களிடம் ஏறக்குறைய இருமடங்கு. அளவு போதவில்லை, உப்பு வடிவம் சரியில்லை என்று தயாரிப்பாளர் தரப்பு வாதிடும். ஆந்திராவின் ஏலூரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வைக் காட்டும். அங்கே 2,800 மில்லிகிராமில் 5 முதல் 6 விழுக்காடு எடை குறைந்தது உண்மை. ஆனால் மூன்று குழுக்களுக்குமாகச் சேர்த்து 60 பேர், எட்டே வாரம். இவ்வளவு பெரிய விளைவு இவ்வளவு சிறிய ஆய்வில் தென்பட்டால், சார்பற்ற வேறொரு குழு அதைத் திரும்பக் காட்டும்வரை சீட்டில் எழுதுவதற்கில்லை.

இனி ஆபத்து. அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு, 2004 முதல் 2018 வரை சேர்ந்த நோயாளிகளில் 22 பேரின் பாதிப்பைக் குடம்புளிச் சாறு கலந்த தயாரிப்புகளோடு இணைத்தது. மாத்திரை தொடங்கியதிலிருந்து பாதிப்பு தெரியும்வரை இடைநிலைக் காலம் 51 நாள். ஒருவருக்கு மாற்றுக் கல்லீரல் தேவைப்பட்டது. பெரும்பாலான தயாரிப்புகளில் பச்சைத் தேயிலையும் இருந்ததே, பழியை இதன்மேல் ஏன் போடுவது என்பது வலுவான ஆட்சேபம். தேயிலைச் சாறு கல்லீரலைக் கெடுப்பது தெரிந்த விஷயம், எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை இரண்டு பாதிப்புகளிலும் மிகுந்து காணப்படுவதும் உண்மை. ஆனால் 5 பேர் தேயிலையோ வேறு மூலிகையோ சேராத குடம்புளிச் சாற்றையே எடுத்தவர்கள். இது தவிர, மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்து செரட்டோனின் மிகைப்பு ஏற்பட்ட நிகழ்வும் 2014இல் பதிவாகியுள்ளது. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமையான ஆன்சஸ் 2025இல் இத்தகைய தயாரிப்புகளை உட்கொள்ளவே வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன்குழம்பில் போடுவதுதானே, இலங்கையிலும் உண்டே என்பது நோயாளிகள் சொல்லும் வாதம். சில மருத்துவர்களும் சொல்கிறார்கள். புகையில் உலர்த்திய சுளை இரண்டு மூன்று போட்டால் ஒரு குடும்பத்துக்குக் குழம்பு ஆகும். அதே அமிலத்தைச் செறிவாக்கி, கால்சியம் அல்லது பொட்டாசியம் உப்பாக்கி, ஒருவர் மூன்று வேளையும் மாதக்கணக்கில் விழுங்குவது வேறு சங்கதி. மேற்சொன்ன பாதிப்புகள் எல்லாம் மாத்திரையாலும் பொடியாலும் வந்தவை. குழம்பை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டே என்பாரும் இருக்கிறார்கள், செமாக்ளுடைடுக்கும் உண்டுதான். ஆனால் அது 68 வாரத்தில் 15 விழுக்காட்டளவு எடை குறைத்ததாகப் பெரிய ஆய்வு இருக்கிறது. தராசின் மறுதட்டில் வைக்க ஒன்று உண்டு.

இந்தியாவில் குடம்புளிச் சாறு உணவுத் துணைப்பொருளாக விற்கிறது. எடை குறைவதை நிரூபித்துவிட்டு விற்க வேண்டிய கட்டாயம் மருந்துக்கு இருப்பதுபோல் இதற்கு இல்லை. ஆகவே சல்லடை நம் கையில்தான். ‘மருந்து’ என்று கேட்காமல், மாத்திரை, பொடி, டீ, கஷாயம் எதுவானாலும் எடைக்காக எடுத்தீர்களா என்று கேளுங்கள். எடுத்தவர் என்றால் புட்டியை எடுத்துவரச் சொல்லிச் சேர்மானப் பட்டியலையும் தொகுதி எண்ணையும் குறித்து, மருந்து விழிப்புத் திட்டத்துக்கு அனுப்புங்கள். நொதிகள் இயல்புக்கு வந்தபின் வேறு பெயரில் இதே சாற்றை வாங்கிவிடுவார்கள். அதனால் தவிர்க்க வேண்டிய பொருளின் பெயரை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில், ‘குடம்புளிச் சாறு, கார்சினியா, எச்.சி.ஏ.’ என்று மூன்று வகையிலும் எழுதிக் கொடுங்கள்.