கணக்கில் முந்திய பிள்ளைக்கு வகுப்பில் என்ன வேலை?

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரியும் இடத்திலே பிற்பகல் நான்கு மணிக்கு நிற்பவர் ஒரு காட்சியைத் தவறாமற் காண்பர். பாடசாலை விட்டு வீடு சென்று, உடை மாற்றி, வயிற்றுக்குச் சிறிது போட்டுக்கொண்டு, மீண்டும் புத்தகப் பையைத் தோளில் மாட்டியவர்களாய்ச் சின்னஞ் சிறார் தனியார் வகுப்புக்களை நோக்கி விரைவர். அவர்களுட் பெரும்பாலோர் நான்காந் தரத்தினரும் ஐந்தாந் தரத்தினருமே. எல்லாம் புலமைப்பரிசிற் பரீட்சையின் பொருட்டு.

அண்மையில் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தந்தையார் அவ்விடத்தில் எம்மை நிறுத்தி வினவினார்: “எங்கட மகள் நாலாந் தரம், சேர். கணக்குக் கொடுத்தால் மற்றப் பிள்ளையள் கொப்பியை விரிக்க முன்னம் முடிச்சிடுறாள். பிறகு பக்கத்துப் பிள்ளையோட கதைச்சு ரீச்சரிட்ட ஏச்சு வாங்குறாள். இவளை எந்த ரியூசனுக்கு விடலாம்?”

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் பெற்றோருட் பலர் மனத்தில் இரண்டு வேறு காரியங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பிள்ளையைப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே ஏற்றுவது ஒன்று. கணிதத்திலே இயல்பாக முந்தி நிற்கும் பிள்ளைக்கு அதன் அறிவுப் பசிக்கேற்ற உணவைக் கொடுப்பது மற்றொன்று. முன்னதற்கு நம் நாட்டில் ஆயிரம் ஏற்பாடுகள் உள. பின்னதற்கு ஏற்பாடு மிக அருமை. தந்தையார் கேட்டதோ முன்னது. அவர் மகளுக்கு வேண்டியது பின்னது.

ஐந்தாந் தரப் பரீட்சை எப்படித் தோன்றிற்று என்பதைச் சற்றே நினைவுகூர்தல் தகும். அதனைத் தீய தேவதையாக வைவோர் அதன் பிறப்பை அறியாதோர். கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் தாமே புலமைப்பரிசில் பெற்று, அம்பலாங்கொடைப் பகுதியிலிருந்து காலி ரிச்மண்ட் கல்லூரிக்குச் சென்று படித்தவர். சட்டத்துறை புகுமுன் கணிதம் கற்பித்தவர். கிராமத்துப் பிள்ளை ஒருவனுக்குக் கதவு ஒன்று திறந்தால் என்ன நிகழும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர். அவர் காலத்தில், 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. 50க்கு மேற்பட்டவை சில ஆண்டுகளிலே அமைந்தன. ஐந்தாம் வகுப்பிலே திறமை காட்டிய ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்து, விடுதி வசதியும் கொடுத்து, அக்கல்லூரிகளிற் சேர்ப்பதே புலமைப்பரிசிலின் நோக்கம்.

நமக்கு இதற்குத் தொலைவிற் சான்று தேட வேண்டுவதில்லை. செங்கலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வந்தாறுமூலையில் 1946இல் மத்திய கல்லூரி தோன்றிற்று. வாவிக்கு இருகரையிலும் உள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் அங்கு வந்து தங்கிப் படித்தார்கள். 1981இல் அவ்வளாகம் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இடமாயிற்று. 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நம் பகுதிக்குப் பல்கலைக்கழகம் வந்தது பெரும் பேறே, ஐயமில்லை. ஆயினும் பதினொரு வயதுப் பிள்ளைக்கென நாட்டுப்புறத்தின் நடுவே எழுந்த கூரை ஒன்று இருபது வயதினருக்கு உரியதாயிற்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிற்க. அன்றைய பரீட்சை கல்வியைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. இன்றைய பரீட்சை கிராமத்துப் பிள்ளையை நகரத்துப் பெரிய பாடசாலைக்கு அனுப்பும் நுழைவுச் சீட்டாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. 2024ஆம் ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதற்குத் தோற்றினர். இரண்டு வினாத்தாள்கள், 200 புள்ளிகள், மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப வேறுபடும் வெட்டுப்புள்ளிகள். மொழியும் சுற்றாடலும் கணிதமும் நுண்ணறிவு வினாக்களும் கலந்து, ஈற்றில் ஒரே கூட்டுத்தொகையாக வெளிவருகின்றன. எல்லாவற்றிலும் ஓரளவு வல்ல பிள்ளையை அறிவதற்கு இம்முறை போதும். ஒன்றிலே மிக ஆழ்ந்தும் மற்றொன்றிலே பின்தங்கியும் நிற்கும் பிள்ளையை அது காட்டித்தராது.

இத்தகைய பிள்ளை கற்பனை அன்று. சீனிவாச இராமானுஜன் 1897இல் ஆரம்பக் கல்விப் பரீட்சையிலே தஞ்சை மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினார்; அதுவரை பாடங்கள் யாவும் அவருக்குச் சமமாகவே இருந்தன. 1903 அளவில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. சில ஆயிரம் தேற்றங்கள் நிரல்பட எழுதப்பட்ட வரண்ட நூல், விளக்கங்கள் சொற்பம். அதன்பின் அவர் மனம் வேறொன்றிலும் தங்கவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே கிடைத்த உபகாரச் சம்பளம், பிற பாடங்களிலே தவறியமையால் பறிபோயிற்று. உலகம் வியந்த கணித மேதையைக் கூட்டுத்தொகை என்னும் சல்லடை உமியோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. அவர் பயின்ற நகர உயர்நிலைப் பள்ளியிலோ ஓர் ஆசிரியர் வேறு வழி கண்டார். ஏறக்குறைய 1,200 மாணாக்கரையும் 35 ஆசிரியரையும் வகுப்புக்களுக்குப் பங்கீடு செய்யும் கால அட்டவணை வேலையை அவர் அச்சிறுவனிடமே ஒப்படைத்தார் என்பர். செலவில்லை, சுற்றுநிருபம் இல்லை. பிள்ளைக்குத் தகுந்த கடினமான வேலை ஒன்று கிடைத்தது. எமக்கு இராமானுஜன் வரலாற்றிலே மிகவும் பிடித்த இடம் இதுவே.

அமெரிக்காவிலே இத்தகைய பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு செய்வது நெடுநாளைய வழக்கம். அங்கும் தவறுகள் நேராமல் இல்லை. 1921இல் தேர்மன் என்னும் உளவியலாளர் நுண்மதிச் சோதனை வைத்து மேதைச் சிறாரைத் திரட்டினார். அச்சோதனையிலே தேறாது விடப்பட்டவருள் இருவர், சொக்லி, அல்வாரெஸ் என்போர், பிற்காலத்திற் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றனர். திரட்டப்பட்டவருள் ஒருவரேனும் அப்பரிசைப் பெற்றாரில்லை.

1970களின் தொடக்கத்திலே ஜூலியன் ஸ்ரான்லி என்னும் பேராசிரியர் வேறொரு வழியை மேற்கொண்டார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் புக விரும்புவோர் எழுதும் கணிதப் பரீட்சையையே வைத்தார். காரணம் எளிது. ஐந்தடிச் சுவரிலே கோடு கிழித்து உயரம் பார்ப்பவனுக்கு ஐந்தடி ஆளும் ஆறடி ஆளும் ஒன்றே. வகுப்புப் பரீட்சையிலே நூற்றுக்கு நூறு வாங்கும் இரு பிள்ளைகளுள் ஒருவர் அவ்வளவோடு நிற்பவராகவும், மற்றவர் இன்னும் மூன்று வகுப்புக்கு அப்பால் நிற்பவராகவும் இருக்கலாம். இதனை அறிய மேல்வகுப்பு வினா ஒன்றைக் கொடுத்துப் பார்த்தலே வழி.

புளோரிடாவிலே புரோவாட் என்னும் மாவட்டத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். அங்கு, பெற்றோரோ ஆசிரியரோ முன்மொழிந்த பிள்ளைகளையே முன்னர்ச் சோதித்து வந்தனர். 2005 முதல் இரண்டாந் தரத்துப் பிள்ளைகள் எல்லோரையும் ஒருசேரச் சோதித்தனர். அதுவரை கண்ணிற் படாதிருந்த ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடிப் பிள்ளைகளும் பெருந்தொகையாக வெளிவந்தனர். பின்னர்ப் பொருளியலில் நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்ட் என்பாரும் லோரா யூலியானோ என்பாரும் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். பேசத் தெரிந்த தந்தையின் பிள்ளையையே பாடசாலை காண்கின்றது. வாய்பேசாத் தந்தையின் பிள்ளை வகுப்பின் பின்வாங்கிலே இருந்துவிடுகின்றது. கரடியனாற்றுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால், வீட்டிலிருக்கும் பெற்றோர் எதைக் கொண்டு அறிவது? விரைவை மாத்திரம் நம்பவேண்டாம். மாதிரி வினாத்தாள் நூறு செய்த பிள்ளை விரைவாகவே செய்யும், அது கைப்பழக்கம். “17ஐ 18ஆற் பெருக்கினால் 306” என்று சொல்லிவிட்டு, “அப்படியானால் 18ஐ 18ஆற் பெருக்கினால்?” என்று கேளுங்கள். பழக்கப்பட்ட பிள்ளை பென்சிலை எடுத்துப் புதிதாகப் பெருக்கும். கணக்கின் உள்ளே புகுந்த பிள்ளை, “இன்னும் ஒரு பதினெட்டுத்தானே, 324” என்னும். விடாது, “17ஐ 17ஆற் பெருக்கினால்?” எனின், 306இலிருந்து ஒரு பதினேழைக் கழித்து 289 என்னும். இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் ஏன் எப்பொழுதும் இரட்டை எண் வருகின்றது என்றுங் கேட்கலாம். “மூன்றும் ஐந்தும் எட்டு, ஏழும் ஒன்பதும் பதினாறு” என்று உதாரணம் அடுக்குவது ஒரு வகை. “ஒவ்வொன்றிலும் ஒன்று மிஞ்சும், மிஞ்சின இரண்டும் சோடி சேர்ந்துவிடும்” என்று எட்டு வயதிலே சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அப்பிள்ளையைப் பற்றி ஆசிரியரோடு பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.

மாணாக்கர்களுக்கும் ஒன்று சொல்லி வைப்போம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையை நிலத்திலே பரப்புங்கள். ஒன்றை வையுங்கள். அதனருகே மூன்றை மடக்கி வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரமாகும். அதைச் சுற்றி ஐந்தை மடக்கினால் மூன்றுக்கு மூன்று. அடுத்து ஏழு, நான்குக்கு நான்கு. ஒன்றும் மூன்றும் ஐந்தும் ஏழும் கூடிப் பதினாறாவது ஏன் என்பது கண்ணாலேயே தெரிகின்றதன்றோ? இனி, முதல் இருபது ஒற்றை எண்களின் கூட்டுத்தொகையைப் புளியங்கொட்டையின்றிச் சொல்லுங்கள். அதன்பின், இரட்டை எண்களை இவ்வாறு அடுக்கினால் என்ன வடிவம் வரும் என்று பாருங்கள். விடையை நாம் இங்கே தரப்போவதில்லை.

பிள்ளை முந்தியது என்று தெரிந்தபின் செய்யத்தக்கவை பல இல்லை. முழு வகுப்பையே தாண்டவைப்பது முன்னாளில் நம் பாடசாலைகளிலே இருந்த வழக்கம். இரட்டை வகுப்பேற்றம் என்பார்கள். அதனை எடுத்த எடுப்பிலே நாம் விரும்புவதில்லை. கணக்கிலே மூன்று ஆண்டு முந்திய பிள்ளை எழுத்திலும் விளையாட்டிலும் தன் வயதினதாகவே இருக்கக்கூடும். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்து டெரன்ஸ் ராவோ, எட்டு வயதிலே மேற்படி பல்கலைக்கழகப் புகுமுகக் கணிதப் பரீட்சையில் 800க்கு 760 பெற்றார். அவருடைய பெற்றோர் அவரை அப்படியே பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிச் செல்லவில்லை. கணிதத்தை மேல்வகுப்பினரோடும் மற்றப் பாடங்களைக் கீழ்வகுப்பினரோடும் பயிலவைத்தனர். முழுநேர மாணவனாகப் பல்கலைக்கழகம் புகுந்தது பதினான்கு வயதளவிலேதான். 2006இல் கணிதத்தின் அதியுயர் விருதாகிய பீல்ட்ஸ் பதக்கம் அவரை வந்தடைந்தது. எல்லாப் பிள்ளையும் டெரன்ஸ் ராவோ ஆகமாட்டாது, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாடத்திலே மாத்திரம் மேலே ஏற்றுதல் என்னும் அம்முறை நாலாந் தரத்து மகளுக்கும் உதவும்.

இதற்குப் பெரும் பாடசாலை வேண்டுமென்பதில்லை. படுவான்கரையிலே ஓராசிரியர் இரண்டு தரங்களை ஒரே மண்டபத்தில் வைத்துக் கற்பிக்கும் சிறு பாடசாலைகளைக் குறையென்றே யாவரும் பேசுவர். கணக்கில் முந்திய பிள்ளைக்கு அது குறையன்று. மூன்றாந் தரத்திலே இருந்துகொண்டே நான்காந் தரத்தின் பின்னத்தை அது காதாற் கேட்கின்றது. பழைய திண்ணைப் பள்ளியிலும் இப்படியே. முந்தியவன் சட்டாம்பிள்ளையாகி மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தான். எனினும் எந்நேரமும் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கவே அப்பிள்ளையை ஏவுதல் தகாது. தனக்குப் புதியதாக ஒன்று அதற்கும் கிடைத்தல் வேண்டும்.

தரங்கள் தனித்தனியாக உள்ள பாடசாலையிலே, மூன்றாம், நான்காம், ஐந்தாந் தரங்களின் கணித பாடவேளை ஒரே நேரத்தில் வருமாறு அட்டவணை அமைந்தால், நாலாந் தரத்துப் பிள்ளை அந்த ஒரு வேளைக்கு மாத்திரம் அடுத்த அறைக்கு எழுந்து சென்று வரலாம். தவணை தொடங்கிய பின் அட்டவணையை மாற்றுவது அதிபருக்குச் சங்கடம். ஆதலின் அத்தந்தையாருக்கு நாம் கூறியது இவ்வளவே: ஐந்தாந் தரத்துக் கணிதப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டு கிழமை மகள் அதனோடு என்ன செய்கிறாள் என்று பாருங்கள், அவள் செய்த கொப்பியை எடுத்துக்கொண்டு, ரியூசன் ஆசிரியரிடமன்று, வகுப்பு ஆசிரியையிடம் போங்கள், இந்தத் தவணை முடிவதற்குள் போங்கள்.