பாங்காக்கில் ஒரு மனை

உத்தியோக நிமித்தம் பாங்காக் நகரத்தில் குடியேறி, அத்தேசத்துப் பெண்ணையே விவாகம் செய்துகொண்டு, குழந்தை குட்டிகளோடு அங்கேயே காலம் கழிக்க எண்ணுகிற அந்நியர் ஒருவர், எத்துணை தனவந்தராயினும், தம் வீடு நிற்கும் நிலத்துக்குச் சாதாரணமாகச் சொந்தக்காரராக முடியாது என்பதே தாய்லாந்துச் சட்டம். அடுக்குமாடிக் கட்டடமாயின், மொத்தக் குடியிருப்புப் பரப்பில் அந்நியருக்கென விதித்த 49 சதவிகித வரம்புக்குள் ஒன்றை வாங்கலாம். அதற்கும் பணம் அந்நியச் செலாவணியாக வந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். நிலத்தை மனைவி பெயரில் வாங்கலாம்தான்; ஆனால் கொடுத்த பணம் முழுவதும் அவளுடைய தனிச் சொத்தே என்று தம்பதியர் இருவரும் கையொப்பமிட வேண்டுமென்பது, சம்பாதித்துக் கொடுத்த புருஷனுக்குச் சற்றே விநோதமான கிருகப்பிரவேசம்! சுதேச நிலத்தைக் காக்கும் அந்த நியாயத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. பினாமிப் பங்குதாரர்களைக் கொண்டு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் நிலம் வாங்கச் சொல்லும் தரகர்களின் உபதேசத்தைவிட (அது குற்றமென்பதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை), 30 வருஷக் குத்தகையே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.