குதிரைக்குக் கிடைத்த நியாயம்

பி.காம். வணிகச் சட்டம் படித்த எல்லோருக்கும் அந்தக் குதிரைக் கதை தெரிந்திருக்கும். ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி, இங்கிலாந்து, 1862. ஒரு சித்தப்பா தன் அண்ணன் மகனுக்குக் கடிதம் போடுகிறார். உன் குதிரைக்கு இதுதான் விலை, உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை எனக்கு என்று வைத்துக்கொள்வேன் என்கிறார். பதில் வரவில்லை. குதிரை அவருடையது ஆகவில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பேச்சில்தான். சட்டத்தில் செல்லாது.

சரி, குதிரையை விட்டுவிட்டு மனிதனுக்கு வருவோம்.

தமிழ்நாடு அனாட்டமி சட்டம், 1951. ஆஸ்பத்திரியிலோ சிறையிலோ பொது இடத்திலோ ஒருவர் இறந்து, குறித்த காலத்துக்குள் சொந்தக்காரர் யாரும் வந்து கேட்காவிட்டால், அந்த உடலை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுத்துவிடலாம். இறந்தவர் சம்மதித்தாரா? அது கணக்கில் இல்லை. யாரும் வரவில்லை, அவ்வளவு போதும்!

யாரும் ஏன் வரவில்லை என்பதைத் தாம்பரத்தில் நின்று பாருங்கள். தென் மாவட்ட ரயில்கள் நின்று போகும் ஊர். வேலை தேடி வருகிறவர்கள் வந்து இறங்கும் பிளாட்பாரம். பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை தண்டவாளத்தை ஒட்டியே வாழ்க்கை. பேப்பரில் நாலு வரி வரும்: அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45, கட்டம் போட்ட சட்டை, உடல் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. அந்த மனிதரின் மனைவி ஒடிசாவில் இருந்தால்? அவள் தமிழ்ப் பேப்பர் படிப்பாளா? அவள் கேட்கவில்லை என்று ஃபைலில் எழுதிவிடலாம். ஆனால் அவளுக்கு யார் சொன்னார்கள்?

ரயிலில் அடிபட்டு, போஸ்ட்மார்ட்டமும் ஆன உடல் பாடத்துக்கு உதவாது. அதைப் பெரும்பாலும் போலீஸ்காரர்களோ, உறவுகள் டிரஸ்ட் போன்ற தன்னார்வலர்களோ அடக்கம் செய்துவிடுகிறார்கள். கல்லூரிக்கு வேண்டியது, காயமில்லாமல் அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தமில்லாமல் செத்தவரின் உடல். அதாவது, ஆள் இல்லாத ஏழையின் உடல்.

இது நம் கண்டுபிடிப்பும் அல்ல. 1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை அனாட்டமி ஆசிரியருக்கு விற்றார்கள். அந்த மாதிரி வியாபாரத்தை நிறுத்த 1832-ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம், அநாதை விடுதிகளில் செத்தவர்களைக் காட்டிக்கொடுத்தது. நாம் பின்பற்றுவது அந்த வழியைத்தான். பிரிட்டனோ 2004-ல் புதிய சட்டம் கொண்டுவந்து சம்மதத்தையே அடிப்படை ஆக்கிவிட்டது.

காசுக் கணக்கும் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு இப்படிக் கொடுக்கும் உடலுக்கு அரசே கட்டணம் வைத்தது. பதப்படுத்திய உடல் 40,000 ரூபாய், பதப்படுத்தாதது 20,000. செத்தவர் கணக்கில் வரவு என்ன? பூஜ்யம்.

"அப்படியானால் டாக்டர்கள் எதை வைத்துப் படிப்பது?" நியாயமான கேள்வி. உடல் இல்லாமல் அனாட்டமி இல்லை. ஆனால் வழி இருக்கிறது. ஜோதி பாசு 2010-லும் சீதாராம் யெச்சூரி 2024-லும் இறந்தபோது அவர்கள் உடல்கள் மருத்துவப் படிப்புக்குத் தானமாகப் போயின. தாய்லாந்தில் தானம் கொடுத்தவரை மாணவர்கள் 'பெரிய ஆசிரியர்' என்று அழைத்து, படிப்பு முடிந்ததும் மரியாதையோடு தகனம் செய்கிறார்கள்.

"செத்தவனுக்கு என்ன தெரியப் போகிறது?" என்று இன்னொரு கேள்வி. ஒன்றும் தெரியாதுதான். பணக்காரர் செத்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் உடலை மட்டும் ஏன் யாரும் கேட்காமல் எடுப்பதில்லை?

வாழும் உரிமையில் அடங்கிய கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்று 1995-லேயே சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். தெருவில் செத்த வீடற்றவருக்கும் அவர் மத வழக்கப்படி நல்லடக்கம் உண்டு என்பதை 2002-ல் ஏற்றது. 2023-ல் தமிழக அரசு, உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று அறிவித்தது. நல்ல காரியம். விரும்பிக் கொடுத்தவருக்கு மரியாதை செய்யத் தெரிந்த அரசு, கொடுக்கச் சம்மதிக்காதவரிடம் எடுக்காமலும் இருக்கலாமே?

செய்ய வேண்டியது மூன்றுதான். கேட்க ஆளில்லாத உடலுக்கு அரசு செலவில் அடக்கம் என்பதே விதியாக வேண்டும். இறந்தவரின் படத்தையும் அடையாளத்தையும் எல்லா மாநிலத்துக்காரர்களும் பார்க்கும்படி பல மொழிகளில் வெளியிட வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு உயிரோடு இருந்தபோது எழுதிக் கொடுத்தவர் உடல் மட்டுமே போக வேண்டும்.

அப்படி எழுதிக் கொடுக்கும் படிவம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் அனாட்டமி துறையில் கிடைக்கும். டாக்டர்களுக்கு உடல் வேண்டுமே என்று வாதாடுகிறவர்கள் முதலில் அதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.