பாட்டியாரும் உருளைக்கிழங்கு மசியலும்



சில திங்களுக்கு முன், ஒரு முதல் வெள்ளியன்று, நோயுற்றோரைச் சந்திக்க அடி அண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். மலைசுற்றும் பாதையை ஒட்டிய சிறு வீடு. எண்பதைக் கடந்த பாட்டியார் பற்கள் யாவும் இழந்து, மோர்க்கஞ்சியே கதியென ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். அன்று சுத்தபோசனமாகையால், மற்றவர்க்கு உருளைக்கிழங்கு வறுவல். "எனக்கென்ன சாமி, கஞ்சி போதும்" என்றார் அவர். அவர் பார்வை வறுவல் சட்டியை விட்டு அகலவில்லை.

"மசியலாகச் செய்தால் எல்லாரும் ஒன்றாக உண்ணலாமே அம்மா" என்று மருமகளிடம் கேட்டோம். "செய்தேன் சாமி. பசை மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் தொடவில்லை. அத்தைகூட வேண்டாமென்றார்கள்" என்றார். விசாரித்ததில், மிக்சியில் அரைத்திருக்கிறார்!

கிழங்கின் மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகளில் அடங்கியிருக்கிறது. வேகும்போது அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. சூட்டோடு மத்தால் மசித்தால் அறைகள் உடையாமல் பிரிந்து, மசியல் பஞ்சு போலாகும். மிக்சியின் கத்தியோ அவற்றைக் கிழித்துவிடும். வெளிவந்த மாவு கோந்தாகிவிடும். நம் வீடுகளில் கீரை கடையும் மத்து இருக்க, மின்சாரத்துக்கு இங்கே வேலையில்லை.

இக்கிழங்கு அடி அண்ணாமலைப் பக்கத்து மண்ணுக்கு உரியதன்று. அங்கே நெல்லும் மணிலாவுமே பெயர் பெற்றவை. தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைகளில் பிறந்து, போர்த்துக்கீசியரோடு நம் மேற்குக் கரையில் இறங்கியது. மராட்டியர் இன்றும் அதனைப் 'பட்டாட்டா' என்றே அழைப்பர். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் அதனைப் பயிரிட்டார். விருந்தாளியாய் வந்து வீட்டுப்பிள்ளையானது!

இனிச் செய்முறை. தோல் எளிதில் உரியும் இளங்கிழங்கு மசியலுக்கு ஆகாது. முற்றியதாய் அரைக் கிலோ எடுங்கள். பச்சை பாய்ந்ததையும் நன்கு முளைவிட்டதையும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றிலுள்ள நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்து உள்ளே வேகாதிருக்கும். ஆகவே, ஒரே அளவாய் நறுக்கி, உப்பிட்ட குளிர்ந்த நீரில் இட்டு அடுப்பேற்றுங்கள். வெந்ததும் நீரை இறுத்து, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் சிறுதீயில் ஈரம் போக்கித் தோலுரித்து, ஆறுமுன் மசியுங்கள். அரை டம்ளர் சூடான பாலைச் சிறிது சிறிதாகவும், வெண்ணெய் இரு தேக்கரண்டியும் சேருங்கள்.

மணம் தருவன இலைகளே. மேனாட்டார் தைம், ஆரிகனோ என்னும் இலைகளை இடுவர். அவற்றுக்கு மணமூட்டும் தைமால், கார்வக்ரால் என்னும் பொருள்கள் நம் முற்றத்துக் கற்பூரவல்லியிலும் உண்டு. சளிக்கு மட்டுமே அதனைத் தேடுகிறோம்! மூன்று இலைகளைப் பொடியாய் அரிந்து, நசுக்கிய பூண்டுடன் செக்குக் கடலையெண்ணெயில் வதக்கிக் கலக்குங்கள். அளவு மீறினால் மருந்து வாடை வரும். கொத்தமல்லியும் புதினாவும் சூட்டில் மணம் இழப்பவை. இறக்கிய பின்பே அவற்றைத் தூவுங்கள். மிளகாய்க்குப் பதில் மிளகுத்தூள். கறிவேப்பிலையை முழுதாய் இட்டால் முதியோர் தொண்டையில் சிக்கும். அரைத்தே சேர்க்க வேண்டும். சர்க்கரை நோயுள்ளோர் மசியல் உண்ணும் வேளையில் சோற்றைக் குறைப்பது நன்று. விழுங்கவே இயலாதோர்க்கு மருத்துவரைக் கேட்டபின் கொடுங்கள்.

அடுத்த முதல் வெள்ளியன்று மீண்டும் சென்றோம். பாட்டியார் மூலையில் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு நடுவே தட்டுடன் அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும், "உப்பு ஒரு கல் குறைவு சாமி, இவளுக்குச் சொல்லுங்கள்" என்றார். "இரண்டு மாதமாய்க் குறையே சொல்லாதிருந்தார்கள்" என்று சிரித்தபடி, உப்புச் சாடியை எடுக்க எழுந்தார் மருமகள்.