சத்திரப்பட்டித் துணிக்கு வரியில்லை, வழியுமில்லை

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறிகள் பெரும்பாலும் ஒரே சரக்கைத்தான் நெய்கின்றன: பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். காயத்தைக் கட்டுவதற்கும் அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்தை ஒற்றி எடுப்பதற்கும் உரிய துணி அது. சைசிங் முடிந்து பாவு ஏறி, நெய்து, வெளுத்து, சுருளாகவோ துண்டாகவோ ஆகி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. கடல் கடந்தும் ஓரளவு போகிறது. உலக வர்த்தகத்தில் இந்தியா எங்கே நிற்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் ஜெனீவாவையும் டெல்லியையும் பார்ப்பதோடு இந்தத் தறிக்கூடங்களையும் பார்க்க வேண்டும்.

வர்த்தகம் என்றாலே நாம் வரியைப் பற்றித்தான் பேசுகிறோம். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக்கியபோது திருப்பூர் முதல் தூத்துக்குடி வரை எழுந்த பதற்றம் நியாயமானது. ஆனால், சத்திரப்பட்டியின் சிக்கல் அந்த ஆகஸ்டில் தொடங்கியதல்ல. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் 3005 என்றொரு தலைப்பு உண்டு. மருந்து தோய்த்த, அல்லது மருத்துவப் பயன்பாட்டுக்காகச் சில்லறைப் பொதியில் அடைத்த பஞ்சு, காஸ், பேண்டேஜ் எல்லாம் அதில் அடங்கும். மருந்துகளோடு சேர்த்து வைக்கப்பட்ட இந்தத் தலைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமான இறக்குமதி வரி இல்லை. அதே காஸ் பொதியப்படாமல் சுருளாகப் போனால் அது வெறும் பருத்தித் துணி. அதற்கு வரி உண்டு.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். நூல் வாங்கி, தறி ஓட்டி, வெளுத்து அனுப்புகிறவரின் சுருளுக்கு வரி விழுகிறது. அதை வாங்கி, வெட்டி, மடித்து, கிருமிநீக்கி, உறையில் அடைத்து, தன் பெயரை அச்சிடுகிறவரின் சரக்குக்கு வரி இல்லை. லாபமும் வரியின்மையும் கடைசிப் பொதியில் சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் கடைசிப் பொதியைச் சத்திரப்பட்டியிலேயே போட முடியாதா? கை வேலையாகப் பார்த்தால் கடினமே இல்லை. தடுப்பது காகிதம்.

ஐரோப்பாவில் விற்கும் காஸ் துணிக்கு இஎன் 14079 என்ற தர அளவை உண்டு. உறிஞ்சும் திறன், இழைகளின் எண்ணிக்கை, எடை எல்லாவற்றையும் அது சோதிக்கச் சொல்கிறது. தயாரிப்பாளரிடம் தர மேலாண்மை முறை இருக்க வேண்டும்; நடைமுறையில் அது ஐஎஸ்ஓ 13485. 2021 மே 26 முதல் அங்கு முழுமையாக நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருவிகள் ஒழுங்குவிதியின்படி, கிருமிநீக்கிய துணி என்றால் அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்று ஆலையைத் தணிக்கை செய்து சான்று தர வேண்டும். ஐரோப்பாவில் பதிவான ஒரு பிரதிநிதி வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தொழில்நுட்பக் கோப்பு, ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை, ஒவ்வொன்றுக்கும் கட்டணம். பத்து இருபது தறி வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு கட்டுமா? அவரும் போகட்டும். வியாபாரி தரும் நூலை வாங்கிக் கூலிக்கு நெய்பவரின் தறியில் இருக்கும் துணி அவருடையதே இல்லை. கூலி உயர்வு கேட்டு அங்கு அவ்வப்போது தறிகள் நிற்பதற்குக் காரணம், கடைசிப் பொதியின் லாபத்தில் ஒரு துளிகூட அங்கே சொட்டாததுதான்.

இந்த விதிகளே தவறு என்று வாதிட நான் வரவில்லை. வெட்டுக்காயத்தின் மேல் வைக்கும் துணியில் கிருமி இருக்கக் கூடாது. நூல் பிசிறு உடலுக்குள் தங்கக் கூடாது. ஜெர்மானிய நோயாளிக்குக் கிடைக்கும் துணி விருதுநகர் அரசு மருத்துவமனை நோயாளிக்கும் கிடைக்க வேண்டும். என் வருத்தம் வேறு. நாட்டின் சார்பில் உலக வர்த்தக ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட அரசு, அந்தக் கையெழுத்தை நிறைவேற்றும் செலவை மிக எளியவரின் தலையில் வைத்துவிட்டது.

இது எப்படி நேர்ந்தது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1947-ல் ஜெனீவாவில் காட் என்ற பொது வர்த்தக ஒப்பந்தத்தை எழுதிய 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1948 ஜூலையிலிருந்து நாம் உறுப்பினர். 1995-ல் உலக வர்த்தக நிறுவனம் பிறந்தபோதும் தொடக்க உறுப்பினர். சீனா 1986-ல் விண்ணப்பித்து 2001 டிசம்பரில்தான் உள்ளே வந்தது. வியட்நாம் 1995-ல் விண்ணப்பித்து 2007 ஜனவரியில் வந்தது. சேர்வதற்கே அவை பத்துப் பதினைந்து ஆண்டுகள் சட்டங்களைத் திருத்தவும் துறைமுகங்களைச் சீராக்கவும் தர அமைப்புகளைக் கட்டவும் வேண்டியிருந்தது. கதவு திறந்த நாளில் அவற்றின் ஆலைகள் ஆயத்தமாக நின்றன. நமக்கு நுழைவுத் தேர்வே இருக்கவில்லை. எழுதாத தேர்வுக்கு நாம் படிக்கவும் இல்லை.

பணக்கார நாடுகளும் தங்கள் பங்குக்கு நம்மைக் காக்க வைத்தன. பருத்தித் துணிக்கு 1961-ல் ‘குறுகிய கால’ ஏற்பாடு என்ற பெயரில் தொடங்கிய கட்டுப்பாடு, 1974 முதல் பல்லிழை ஒப்பந்தமாக நீடித்து, 2004 டிசம்பர் 31-ல்தான் முடிந்தது. குறுகிய காலம் என்பது 43 ஆண்டுகள் ஆயிற்று. அதை நீக்கப் பத்தாண்டு அவகாசம் பெற்றவர்கள், முதல் மூன்று கட்டங்களில் தங்களுக்கு உறுத்தாத சரக்குகளையே பட்டியலிலிருந்து விடுவித்து, 49 விழுக்காட்டைக் கடைசி நாள் வரை தள்ளிவைக்க ஒப்பந்தமே இடம் கொடுத்தது. நாமோ, அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்று, எஞ்சியிருந்த 715 சரக்குகளின் அளவுக் கட்டுப்பாட்டை 2001 ஏப்ரல் 1-ல் ஒரேயடியாக நீக்கினோம்.

ராஜபாளையத்தின் பெரிய நூற்பாலைகள் இந்த மாற்றங்களைத் தாங்கின. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. மருத்துவப் பஞ்சு என்ற தொழில் உலக வர்த்தக விதிகளுக்கு முன்பே இந்த ஊரில் வேர் பிடித்துவிட்டது. பின்னாளில் ஆலைகள் மெல்லிய நூலுக்கு மாறின. அதற்கு வேண்டிய மிக நீண்ட இழைப் பஞ்சு இந்தியாவில் போதிய அளவு விளைவதில்லை. எகிப்தின் கீசாவும் அமெரிக்கப் பீமாவும் தூத்துக்குடியில் இறங்குகின்றன. ஆனால், பஞ்சுக்கு 2021-ல் 11 விழுக்காடு வரி போட்டார்கள். 2022-ல் சில மாதம் நீக்கினார்கள். 2024 பிப்ரவரியில் நீண்ட இழைக்கு மட்டும் விலக்கினார்கள். 2025 ஆகஸ்டில் எல்லாவற்றுக்கும் நீக்கி, செப்டம்பர் வரை என்று சொல்லி, பிறகு டிசம்பர் வரை நீட்டித்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே பஞ்சுக்கு விலை பேச வேண்டிய ஆலை இதில் எதை நம்பித் திட்டமிடும்? கரிசல் நிலத்தில் பருத்தி போடும் விவசாயியும் எந்த விலையை நம்பி விதைப்பார்? இருவருக்கும் பாதுகாப்பு தேவை என்பது உண்மை. விதி நிலையாக இருப்பது இருவருக்குமே வரியைவிட முக்கியம்.

இதே கதை பக்கத்து ஊரிலும் உண்டு; ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் அடுக்கியிருக்கும் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று ஊரே மகிழ்ந்தது, சரிதான். இந்தக் குறியீடும் உலக வர்த்தக நிறுவனத்தின் பிள்ளைதான். அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால்தான் நாம் 1999-ல் சட்டம் இயற்றினோம். 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் இருக்கிறது. ஆனால், அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு மேடு பள்ளம் உண்டு. ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் உயர்ந்த பாதுகாப்பு. வேறு ஊரில் செய்த ஒயின் மீது ‘ஷாம்பெயின் வகை’ என்று எழுதுவதையே அது தடுக்கச் சொல்கிறது. பால்கோவாவுக்கோ, டார்ஜிலிங் தேயிலைக்கோ அது கிடையாது. வாங்குபவர் ஏமாந்தார் என்று நிரூபித்தாக வேண்டும். இந்தப் பாகுபாட்டை நீக்கக் கோரி இந்தியா இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.

வாதாடட்டும். பால்கோவாவின் நடைமுறைத் தடை அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. பாலும் சர்க்கரையும் விறகடுப்பில் சுண்டி உருவாகும் இந்த இனிப்பு சில நாள்களுக்கு மேல் தாங்காது. பால் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப, ஏற்றுமதி ஆய்வுக் குழுவின் ஒப்புதல் பெற்ற கூடம் வேண்டும். பாலில் மருந்து எச்சம் இல்லை என்று மாட்டுக் கொட்டில் வரை தடம் காட்ட வேண்டும். கோமாரி நோய் இல்லாத நாடு என்ற தகுதியும் இந்தியாவுக்கு இன்னும் இல்லை. இரண்டு மூன்று மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் பெண்ணால் இதையெல்லாம் தனியே செய்ய முடியாது. குறியீடு என்ற சான்றிதழாலும் செய்ய முடியாது.

அந்தப் பெண்ணுக்கு இந்திய அரசு ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கொழுப்பு நீக்கிய பால்பவுடருக்கு வரியே போடுவதில்லை என்று காட் காலத்தில் நாம் கொடுத்திருந்த வாக்கு 1990-களின் இறுதியில் நம்மையே சுட்டபோது, மறுபேச்சு நடத்தி அதை மாற்றினோம்: ஆண்டுக்கு 10,000 டன் வரை 15 விழுக்காடு, அதற்கு மேல் 60. 2019 நவம்பரில் பாங்காக்கில் ஆர்சிஇபி என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக உடன்பாட்டிலிருந்து விலகியதற்கு நியூசிலாந்துப் பாலும் முக்கியக் காரணம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்திலும் பால்பொருள்களுக்கு நம் சந்தையைத் திறந்துவிடவில்லை. பேச்சு மேசையில் இவ்வளவு விழிப்பாக இருக்கத் தெரிந்த அரசுக்கு, சோதனைக்கூடத்தில் அதே விழிப்பு ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

மருத்துவத் துணிக்கான சிறந்த ஆய்வு மையம் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் இருக்கிறது. நல்ல நிறுவனம். ஆனால், சத்திரப்பட்டிக்காரர் ஒவ்வொரு மாதிரிக்கும் அங்கே போய் வரும் நிலையில் தொழில் நகராது. 2020-ல் மத்திய அரசு 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தை அறிவித்தது. மருத்துவ ஜவுளி அதன் பிரிவுகளில் ஒன்று. 2023-ல் விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமரின் மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பெரிய முதலீட்டாளர்கள் வரட்டும், வரவேற்போம். அதோடு மூன்று காரியங்களை அரசு தன் செலவில் செய்ய வேண்டும். அந்தப் பூங்காவிலோ ராஜபாளையத்திலோ காஸ் துணிக்கான அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் ஒன்று. வாடகைக்குப் பயன்படுத்தக்கூடிய கிருமிநீக்கும் கூடமும் பொதியும் கூடமும். ஐரோப்பாவில் எல்லாச் சிறு உற்பத்தியாளர்களுக்கும் பொதுவாக ஒரு பதிவுபெற்ற பிரதிநிதி.

சான்றிதழ் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். அது ஒரு வியாபாரியின் பெயரில் இருந்தால் இப்போதுள்ள நிலைதான் தொடரும். கூலிக்கு நெய்பவர் கூலிக்கே நெய்வார். தறிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் அது இருக்க வேண்டும். பால் சங்கத்தின் வழியாகப் பாலுக்கு நியாயமான விலை பெறப் பழகிய மாவட்டம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007-ல் தொடங்கி 2013-ல் நின்று 2022-ல் மறுபடி தொடங்கிய பேச்சில் துணிகளின் வரி எத்தனை விழுக்காடு குறையும் என்று டெல்லி கணக்கிட்டது. 3005-ஆம் தலைப்பில் குறைப்பதற்கு வரியே இல்லை. அந்தச் சரக்குக்குத் தேவைப்படுவது, இந்தியச் சோதனைக்கூடம் தரும் சான்றை ஐரோப்பா ஏற்றுக்கொள்ளும் பரஸ்பர அங்கீகாரம். அதைக் கேட்டுப் பெறுகிற ஒப்பந்தமே சத்திரப்பட்டிக்கு உதவும்.